காட்டுக் குழுவில் பெண்கள்

1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசாங்கம் வெளியிட்ட சுற்றறிக்கையைத் தொடர்ந்து, சீர்கெட்ட காடுகளைக் காக்கும் பணியில் கிராம மக்களும் காட்டிலாகாவுடன் பங்கு கொள்ளலாயினர். ஆயினும் பல மாநிலங்களில் குடும்பத்திற்கு ஓர் அங்கத்தினர் என்றே விதி இருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண்மகனே.

இதனால் விளைந்த இடர் சிறிதன்று. மரக்கன்றுகள் தழைக்கும் பொருட்டுக் காட்டை அடியோடு மூடிவிடக் குழு தீர்மானிக்கும். அடுப்பெரிக்கச் சுள்ளியும் மாட்டிற்குப் புல்லும் கொண்டு வருபவர்களோ பெண்கள். அவர்கள் மேலும் சில மைல் நடக்க நேரிடும். அல்லது, தாங்கள் வகுக்காத விதியை மீறி அபராதம் செலுத்த நேரிடும். எந்தப் புல்லை எப்பருவத்தில் அறுத்தால் மீண்டும் தழைக்கும் என்பதை அன்றாடம் கண்டறிந்தவர்களைக் கேளாமல் விதி வகுப்பது விந்தையே.

2000-ஆம் ஆண்டில் வெளியான வழிகாட்டு நெறிகள், பொதுக்குழுவில் பாதிப் பேரும் நிர்வாகக் குழுவில் குறைந்தது 33 சதவீதத்தினரும் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றன. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் குஜராத்திலும் நேபாளத்திலும் நிகழ்த்திய ஆராய்ச்சி 2010-இல் நூலாக வெளிவந்தது. நிர்வாகக் குழுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெண்கள் இருக்குமிடத்து, அவர்கள் கூட்டத்திற்கு வருவதும் வாய்திறந்து பேசுவதும் பெருகுகின்றன என்று அது காட்டிற்று. ஒருத்தி மட்டும் அமர்ந்திருப்பின் பேசத் தயங்குவாள். கூட்டம் சமையல் வேளையில் நடந்தாலோ வரவே இயலாது. ஆகவே, நாளும் வேளையும் குறிக்குமுன் களப் பணியாளர் அவ்வூர்ப் பெண்களைக் கேட்டறிதல் வேண்டும்.