காரில் ஒட்டிய சாயத்துளி சொல்லும் பாடம்

சாலாக் செலாத்தானில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. காரைத் துடைக்கும்போது துணி வழுக்கிக்கொண்டு போகாமல் எதிலோ சிக்கி நிற்கும். விரலால் தடவினால் மணல்தாள் போல் சொரசொரக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசிமுனை அளவில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ எண்ண முடியாத புள்ளிகள். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அவை போவதில்லை.

பட்டறைக்காரர்கள் இதை ‘ஓவர்ஸ்ப்ரே’ என்பார்கள். வேறு எதற்கோ அடித்த சாயம் காற்றில் பறந்து வந்து நம் காரில் குடியேறிவிட்டது என்று பொருள். இங்கே கார்ப் பட்டறைகள் இருக்கின்றன. பக்கத்துச் சான் சோ லின் வட்டாரம் பட்டறைகளுக்கே பெயர் போனது. சுற்றிலும் அடுக்குமாடிகள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றுக்குப் புதுச் சாயம் அடிக்கப்படும். கீழே வரிசையாகக் கார்கள். பிறகு கேட்க வேண்டுமா?

துளி எப்படிப் பறக்கிறது?

ஸ்ப்ரே துப்பாக்கி சாயத்தை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துத் தள்ளுகிறது. எல்லாத் துளிகளும் இலக்கில் ஒட்டுவதில்லை. சில, காற்றோடு சுழன்று விலகிப் போகின்றன. பழைய வகைத் துப்பாக்கிகளில் பாதிக்கும் மேற்பட்ட சாயம் இப்படி வீணாகலாம். இதைக் குறைக்க வந்ததே எச்.வி.எல்.பி. துப்பாக்கி. காற்று அதிகம், அழுத்தம் குறைவு. முனையில் 10 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகாது. நல்ல துப்பாக்கி 65 விழுக்காட்டுச் சாயத்தை இலக்கில் சேர்த்தாலும், மீதி 35 விழுக்காடு காற்றில்தான்.

அப்படிப் பறக்கும் துளி, வழியிலேயே காய்ந்துவிட்டால் தூசியாக விழும். கழுவினால் போய்விடும். ஈரமாக வந்து விழுந்து காரிலேயே காய்ந்தால்தான் சிக்கல். சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ச் சாயம் என்றால், காய்வதற்குள் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் தப்பிக்கலாம். இரும்புக் கம்பிக்கு அடிக்கும் எண்ணெய்ச் சாயம் சற்றுப் பிடிவாதமானது. கார்களுக்கு அடிக்கும் ‘டூ-கே’ சாயத்தில் கடினப்படுத்தி கலந்திருப்பதால், அது வேதிவினையில் இறுகிவிடும். அதை நீக்குவதுதான் கடினம்.

புள்ளி எல்லாம் சாயமில்லை

கை வைப்பதற்கு முன் அது என்ன புள்ளி என்று தெரிய வேண்டும். சாலாக் செலாத்தானில் கொம்முட்டர் ஓடுகிறது, எல்.ஆர்.டி. ஓடுகிறது. தண்டவாளத்திலும் பிரேக்கிலும் தேயும் இரும்புத்தூள் காரில் ஒட்டித் துருப்பிடித்தால் செம்மஞ்சள் புள்ளியாகத் தெரியும். அதற்கென விற்கும் இரும்பு நீக்கியை அடித்தால் புள்ளி ஊதாவாக மாறி வழியும். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் இரும்போடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு நேரில் காணக் கிடைக்கும் நல்ல சோதனை. நிறம் மாறவில்லை என்றால் சாயம் என்று சந்தேகிக்கலாம்.

புள்ளி கண்ணுக்குத் தெரியவில்லையா? கழுவிய காரின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெளிவாகத் தெரியும்.

மயிரிழைக்கும் குறைவான இடம்

என் மாமாவின் மைவி இப்படித்தான் ஒருநாள் புள்ளி புள்ளியாக நின்றது. அவர் இருக்கும் அடுக்குமாடிக்குச் சாயம் அடித்த வாரம் அது. பக்கத்து வீட்டுக்காரர், “தின்னர் ஊற்றித் துடைச்சிடுங்க” என்றார். ஒரு பட்டறையில், முழுக் காருக்கும் புதுச் சாயம் அடிக்கச் சொன்னார்கள். முதல் யோசனை ஆபத்து; இரண்டாவது பெரும்பாலும் தேவையற்ற செலவு.

காரணத்தை எண்களில் பார்ப்போம். தொழிற்சாலையில் அடித்த கார்ச் சாயம் நான்கு அடுக்கு கொண்டது: துருத் தடுப்பு, அடிப்பூச்சு, நிறம், அதன்மேல் நிறமற்ற ‘கிளியர் கோட்’. எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன்தான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன். நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். வெயிலையும் மழையையும் தாங்கும் கவசம் ஒரு மயிரிழையை விட மெல்லியது. மணல்தாள் கொண்டு தேய்த்தால் அது எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்று யோசித்துப் பாருங்கள். லாக்கர் தின்னரோ, மறுசாயம் அடித்த இடங்களைக் கரைத்து மழுங்க வைத்துவிடும். விளக்குகளின் பிளாஸ்டிக்கில் விரிசலும் விழலாம்.

மண்ணே இல்லாத களிமண்

இதற்கு நல்ல விடை ஜப்பானிலிருந்து வந்தது. தடாவோ கொடாத்தே என்பவர் உருவாக்கிய, கையால் பிசையக்கூடிய ‘நெகிழும் சாணைக்கல்’லுக்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கடைகளில் இன்று ‘கிளே பார்’ என்று விற்பது இதுதான். பெயர்தான் களிமண், உள்ளே இருப்பது பாலிபியூட்டீன் போன்ற பிசினும், அதில் கலந்த மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களும்.

வேலை செய்யும் விதம் எளிது. மேற்பரப்பில் வழுக்கும் திரவம் தெளிப்பதால் களிமண் அதன்மேல் மிதந்து செல்கிறது. சமதளத்தை அது அதிகம் தொடுவதில்லை. மேலே துருத்திக்கொண்டிருக்கும் சாயத்துளியில் மட்டும் மோதி, அதைச் சீவி எடுத்துத் தன்னுள் புதைத்துக்கொள்கிறது.

செய்முறை இதுதான்:

1. காரை நிழலில் நிறுத்தி, நன்றாகக் கழுவுங்கள். சூடான தகட்டில் திரவம் உடனே உலர்ந்துவிடும்.

2. மென்மையான ரகக் களிமண்ணை வாங்குங்கள். ஒரு பகுதியைக் கிள்ளிப் பிசைந்து, தட்டையாக்குங்கள்.

3. இரண்டு அடிக்கு இரண்டு அடி என்று சிறு பகுதியாகப் பிரித்து, திரவத்தைத் தாராளமாகத் தெளியுங்கள்.

4. அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் தேயுங்கள். முதலில் கரகரக்கும். சத்தம் நின்று வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது.

5. களிமண்ணை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டு வாருங்கள். கீழே விழுந்தால் அதோடு சரி; தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மணல் காரைக் கீறிவிடும்.

6. கடைசியில் துடைத்து, மெழுகு பூசுங்கள். பழைய மெழுகும் களிமண்ணோடு போயிருக்கும்.

கண்ணாடியில் உள்ள புள்ளிகளை, சவர்க்காரத் தண்ணீர் விட்டு, புதிய சவர அலகைச் சாய்த்துப் பிடித்து வழிக்கலாம். தடிமனான துளிகளுக்குப் பாலிஷ் தேவைப்படலாம். 2000, 3000 எண் தாளால் ஈரத்தில் தேய்ப்பது கடைசி வழி. அது தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் அனுபவசாலியின் வேலை.

மாமாவின் காருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் ஒரு கட்டிக் களிமண்ணும் போதுமாக இருந்தன.

அதே துளி, நம் மூச்சில்

இதுவரை பேசியது காரைப் பற்றி. பட்டறையில் நிற்கும் ஆளைப் பற்றியும் பேச வேண்டும். எஸ்.பி.எம். முடித்ததும் சாயம் அடிக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர், 1880-களில் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தைச் சாயத்துக்கு மாற்றினார். தொண்டையைக் குணப்படுத்த வந்த கருவியின் வாரிசு, இன்று கவனமில்லாத இடங்களில் நுரையீரலைக் கெடுக்கிறது.

‘டூ-கே’ சாயத்தின் கடினப்படுத்தியில் இருப்பது ஐசோசயனேட். 1984 டிசம்பரில் போப்பாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கடினப்படுத்தி அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் துப்பாக்கி அதைப் பனிமூட்டமாக்கி மூச்சுக்குள் அனுப்பிவிடுகிறது. பிரிட்டனில் வேலைசார் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். வாசனையை வைத்து ஆபத்தை உணர முடியாது. அடித்து முடித்துக் காற்று தெளிந்தது போல் தோன்றினாலும், நுண்துளிகள் மிதந்துகொண்டுதான் இருக்கும். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைத் தரும் கவசமும், காற்றை வடிகட்டி வெளியேற்றும் தனி அறையும் தேவை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிமுறைகளின்படி, முதலாளி ஆபத்தை மதிப்பிட்டுக் கட்டுப்படுத்த வேண்டும். தொழிலாளிக்குப் பயிற்சியும் தர வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கும் இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு சொக்சோவில் கோரிக்கை வைக்கலாம். முதலாளி உங்கள் பெயரில் சந்தா கட்ட வேண்டும்.

எனவே, பட்டறை வேலையில் சேரும் தம்பிகளே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: ஸ்ப்ரே அறை இருக்கிறதா? எந்தக் கவசம் தருவீர்கள்? சொக்சோ கட்டுகிறீர்களா? வேலை பழகியபின் எஸ்.கே.எம். சான்றிதழுக்கும் முயலுங்கள். முதல் மூன்று நிலைகளுக்குப் பிறகு டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை அந்தப் பாதை போகிறது.

காரில் விழுந்த துளியை ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம். நுரையீரலில் விழுந்ததை எடுக்க எந்தக் கடையிலும் களிமண் விற்பதில்லை.