வெள்ளைப் பொடியில் ஒளிக்கு ஒரு பாதை

பேத்தமங்களாவில் தேங்கும் பாலாற்று நீர், குழாய் வழியே கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் தாகம் தீர்த்தது. ஒளியையும் இப்படி அடைத்து, வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். அந்தக் குழாயின் அகலம் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குதான். பெயர் அலைவழிகாட்டி.

அதைச் செய்ய உதவும் பொருள்களுள் ஒன்று டைட்டானியம் டையாக்சைடு. சுவர்ப் பெயின்ட்டுக்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது இதுவே. மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரைகளின் கருமணலில் உள்ள இல்மனைட் என்ற தாது இதன் மூலப்பொருள்களுள் ஒன்று.

சிலிக்கான் வில்லைமீது கண்ணாடிப் படலம், அதன்மேல் இந்த ஆக்சைடு. பிறகு எலெக்ட்ரான் கற்றையால் கோடு வரைந்து, மீதியை அரித்தெடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.45, அனடேஸ் என்ற படிக வகை ஆக்சைடுக்கோ ஏறத்தாழ 2.4. இந்த வேறுபாட்டால் ஒளி வெளியே கசியாமல், கூர்மையான வளைவிலும் திரும்புகிறது.

இத்தனை நெருக்கடியான இடத்தில் அடைபட்ட ஒளியின் செறிவு பன்மடங்கு ஏறுகிறது. வியப்பு அங்கேதான் தொடங்குகிறது. செறிந்த ஒளி, தான் செல்லும் பொருளின் ஒளிவிலகல் எண்ணையே மாற்றிவிடும். அந்த மாற்றம் திரும்ப ஒளியின் நிறத்தை மாற்றும். நேரியல்பற்ற ஒளியியல் ஆராயும் விளைவுகளுள் இது ஒன்று; இன்னொன்று ஒளியின் அதிர்வெண் இரட்டிப்பது. 1961-இல் பீட்டர் ஃபிராங்கென் குழுவினர் சிவப்பு ரூபி லேசரைக் குவார்ட்ஸில் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வெளியே எடுத்தார்கள். 2013-இல் ஹார்வர்டில் எரிக் மாசூர் குழுவினர் அனடேஸ் அலைவழிகாட்டியில் லேசர் துடிப்புகளைச் செலுத்தி, அவற்றின் நிறமாலை அகன்றதைக் காட்டினார்கள்.

அலைவழிகாட்டிக்குச் சிலிக்கானே போதாதா? போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விழுங்கிவிடும். தொலைத்தொடர்பில் பயன்படும் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிடும்தான்; ஆனால் செறிவு கூடினால் அதிலும் இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கும். டைட்டானியம் டையாக்சைடுக்கு இந்த இரண்டு குறைகளும் இல்லை.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நானோ அறிவியல் மையம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒளிச் சில்லு ஆய்வு நடக்கிறது. இதற்கான கருமணலும் நம் கரையில் கிடக்கிறது. அதைப் பெயின்ட் பொடியாக்குவதோடு நின்றுவிடுவது பெரும் இழப்பு. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடம் பதிவான மண் தங்கவயல். அங்கே இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துறையின் கதவு திறந்திருப்பதை ஆசிரியர்கள் இன்றே சொல்ல வேண்டும்.