அவனா, அவளா… ‘அது’வா?

நம் தமிழில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் வீட்டுக்கு வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், வந்தான் என்றோ வந்தாள் என்றோ சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ்காரன் ‘கேம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். நமக்கோ ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக் கொண்டிருக்கிறது. மரியாதைக்கு ‘வந்தார்’ போடலாம்தான். ஆனால் பெற்ற பிள்ளையை எந்தத் தாய் ‘வந்தார்’ என்கிறாள்?

இதைச் சமாளிக்க எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு வழி இருக்கிறது. “பாப்பா தூங்குது”, “புள்ள வந்துச்சி”, “எங்கப்பா சொல்லும்” என்போம். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் பேசுவார்கள். படித்தவர்களுக்கு அது அஃறிணை. எங்களுக்கு அது பிரியம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளுக்கு இந்த ‘வந்துச்சி’தான் பல வருஷம் கைகொடுத்தது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து காலை பஸ்ஸில் தவலையோடு வருவாள். மடவை, இறால், காலம் வாய்த்தால் நண்டு. மூன்று பிள்ளைகள். மூத்தவனைப் பற்றிப் பேசினால் ‘அவன்’, கடைசிப் பெண்ணைப் பற்றிப் பேசினால் ‘அவ’. நடுப்பிள்ளைக்கு மட்டும் இரண்டும் கிடையாது. “நடுவுலது நல்லா படிக்குதும்மா”, “நடுவுலது யாருகூடயும் பேச மாட்டேங்குது.” அவ்வளவுதான்.

2013-ல் ஒரு நாள் தவலையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். “நடுவுலது வூட்ட வுட்டுப் பூடுச்சிம்மா.” அப்போது அதற்குப் பதினைந்து வயசு. ஆறு வருஷம் ஒரு தகவலும் இல்லை. அப்புறம் ஒரு நாள் திரும்பி வந்தது, புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு! மகன் வந்தான் என்றும் சொல்லவில்லை, மகள் வந்தாள் என்றும் சொல்லவில்லை அந்தத் தாய். “வந்துச்சிம்மா” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தப் பெண் இப்போது அம்மாவோடு சேர்ந்து நண்டு விற்கிறாள். எங்கள் வீட்டில் காபி சாப்பிடுவாள். ஒரு நாள் நானே கேட்டேன்: “எப்பம்மா நீ பொண்ணா மாறணும்னு நெனச்சே?”

“மாறுனேன்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க. நான் எதுவும் மாறல. எனக்கு நெனப்பு தெரிஞ்ச நாள்லேர்ந்து நான் பொண்ணுதான். ஏரியில எறங்குனா பசங்கல்லாம் சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் குதிப்பானுங்க. எனக்கு மட்டும் கூச்சமா இருக்கும். ஒரு பொண்ணுக்கு எப்படி இருக்குமோ அப்படி. ஏன் கூச்சம்னு அப்ப எனக்கு சொல்லத் தெரியல. பேரு தெரியாத நோவு மாதிரி.”

இந்த இடத்தில் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையன் அம்மிக்கல்லில் உட்கார்ந்துவிட்டால் உடனே பயப்படுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! எங்கள் வீட்டுக்காரர் என்னைவிட நேர்த்தியாகக் கோலம் போடுவார். பழவேற்காட்டு ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களை யாரும் ஆண் என்று சொல்வதில்லை. நான் யார் என்று உள்ளே இருந்து வரும் நிச்சயம் வேறு, கை செய்கிற வேலை வேறு.

பேர் தெரியாத அந்த நோவுக்கு ஊர்தான் முதலில் பேர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் ‘ஒம்போது’ என்று கூப்பிட்டார்கள். வேறு பேரெல்லாம் இங்கே எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். “அதெல்லாம் மத்தவங்க எனக்குக் குடுத்த பேரும்மா” என்றாள். தனக்கென்று ஒரு பேர் பட்டணத்தில்தான் கிடைத்திருக்கிறது. அங்கே மூத்தவர்கள் ஒரு குடும்பமாகவே இருக்கிறார்கள். அதை ஜமாத் என்பார்களாம். குரு உண்டு, சேலா உண்டு. சேலா என்றால் சீடப்பெண். குருவுக்குக் குரு ‘நானி’, அதாவது பாட்டி. ஒருவரை மகளாக எடுத்துக்கொண்டால் அவருக்குப் பசி, நோய், சாவு எல்லாவற்றுக்கும் இவர் பொறுப்பு. பெற்ற வீடு கதவை மூடினதும் அதே அம்மா, மகள், பேத்தி என்ற சொற்களை எடுத்துப் புதுசாக ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள்! கேட்கக் கேட்க எனக்கு வாய் பேச வரவில்லை.

பிழைப்பு? கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் கை தட்டிக் காசு கேட்டிருக்கிறாள். சொல்லும்போது தலை குனியவில்லை. “வாடகைக்கு வூடு தரமாட்டாங்க, கடையில வேலை தரமாட்டாங்க. வேற இன்னா செய்யச் சொல்றே?” அந்த ரயிலில் போய் வருகிற நம்மில் எத்தனை பேர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறோம்!

வெளியுலகம் இவர்களை அழைக்கும் சொற்களும் நம் கண்ணெதிரிலேயே மாறியிருக்கின்றன. ‘அரவாணி’ என்ற பேர் கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலிலிருந்து வந்தது. களப்பலியாகும் முன் அரவானுக்கு ஒரு நாள் மனைவியாகக் கண்ணனே மோகினி வேஷத்தில் வந்ததாகக் கதை. சித்திரைத் திருவிழாவில் இவர்கள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். அதற்கப்புறம் வந்தது ‘திருநங்கை’. 2008 ஏப்ரலில் தமிழக அரசு இவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. 2011 முதல் ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். பெண் உடம்பில் பிறந்து தன்னை ஆணாக அறிகிறவர் ‘திருநம்பி’. எல்லோருக்கும் பொதுவாக ‘திருநர்’. இப்படிப்பட்ட சொற்களின் பட்டியலை, சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த ஒரு வழக்கையொட்டி, அரசே 2022-ல் கெஜட்டில் வெளியிட்டது.

கெஜட் என்ன, அதற்கெல்லாம் முன்னால் தொல்காப்பியரே இதற்கு இடம் வைத்திருக்கிறார்! பி.ஏ. தமிழ் படிக்கும் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லுக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணைக்குரிய விகுதிகளையே ஏற்கும் என்கிறாராம். தெய்வத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே சூத்திரத்தில்தான் விதி. ஆகவே இலக்கணப்படி ‘அது’ கிடையாது! வீட்டுக்குள் அம்மா சொல்லும் ‘வந்துச்சி’ பிரியம். அதையே தெருவில் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு ‘இதப் பார்றா’ என்றால் அது வேறு.

2014 ஏப்ரல் 15-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதை அந்த மனுஷரேதான் சொல்ல வேண்டும், ஆபரேஷன் செய்துகொண்டால்தான் ஒப்புக்கொள்வோம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 2019-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றார். கோர்ட்டுக்குப் போய்ப் போராடித்தான் பிரித்திகா யாஷினி 2017-ல் சப்-இன்ஸ்பெக்டராக முடிந்தது. மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

இருந்தாலும் கணக்கெடுக்கும்போது? 2011 சென்சஸில்தான் முதல் தடவையாக ஆண், பெண் தவிர ‘இதர’ என்று எழுத இடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 22,364 பேர் பதிவானார்கள். எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது. எங்கள் மீன்காரம்மா அந்த வருஷம் கணக்கெடுக்க வந்தவரிடம் “ரெண்டு பையன், ஒரு பொண்ணு” என்று சொல்லி அனுப்பியவள்தானே. இப்படி எத்தனை வீடோ.

இனி நம் வீட்டு விஷயம். ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் உடனே வேப்பிலை அடிக்க ஓடுகிறோம். இது நோயும் இல்லை, பேயும் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2019-ல் ஒப்புக்கொண்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், மனநோய்ப் பகுதியிலிருந்து இதை எடுத்துவிட்டது. “ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப்பூடும்” என்பது அதைவிட மோசம். ஒன்றும் அறியாத இன்னொரு பெண்ணின் வாழ்க்கையல்லவா சேர்ந்து போகிறது?

பிறக்கும்போதே உறுப்பில் மாறுதலோடு பிறக்கும் குழந்தைகள் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, ஆணாகவோ பெண்ணாகவோ ‘சரி செய்யும்’ ஆபரேஷன் கூடாதென்று 2019-ல் தமிழக அரசு தடை போட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் இந்தப் பிள்ளைகள் மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி, மார்பு வளர வேண்டுமென்று கணக்கில்லாமல் விழுங்குகிறார்கள். ரத்தம் உறைந்து கட்டி உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் காலத்தில் ‘தாயம்மா’ என்ற மூத்தவர் கையால் கத்தி வைத்து அறுத்ததெல்லாம் கேட்டால் ஈரக்குலை நடுங்குகிறது. ஹார்மோனானாலும் ஆபரேஷனானாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் இவர்களுக்கென்றே தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள். பணம் இல்லையே என்று போலி டாக்டரிடம் போக வேண்டியதில்லை.

திருநம்பிகளைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படாததற்குக் காரணம், பெண் குழந்தையை வீட்டை விட்டு ஓடக்கூட நாம் விடுவதில்லை என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயசுக்கு வந்ததும் மஞ்சள் நீர், தாவணி, மாப்பிள்ளை. “எனக்கு இது வேண்டாம்” என்று ஒரு பெண் அழுதால் வெட்கத்தில் அழுகிறாள் என்போம். அத்தனை பேரும் வெட்கத்தில்தான் அழுதார்களா?

குப்பத்தில் நிலைமை இன்னும் சிக்கல். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு பழைய முறை உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் பிரிப்பார்கள். பாடெல்லாம் ஆம்பிளைகள் பேரில்தான். பிள்ளை பிறந்ததும் தகப்பன் மனசில் ஒரு வலை கூடுகிறது. ஆகவே நடுப்பிள்ளை புடவை கட்டி வந்தபோது அந்த அப்பாவுக்கு மகன் மட்டும் போகவில்லை. கூடவே ஒரு வலையும் போயிற்று. ஒரு மாசம் அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை, படகிலேயே படுத்தார்.

அம்மாவுக்கு வாய் திறந்தது ஆபீசில். கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழுக்கு மனுப் போட்டார்கள். அவள் வாங்கியபோது அவளே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி போதுமாக இருந்தது. அதை வைத்து ரேஷன் கார்டில் பேர் மாற்றப் போனபோது, உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே, “இவங்க உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டிருக்கிறார். அங்கே ‘நடுவுலது’ என்று எழுத முடியுமா? “எம் பொண்ணு சார், பெரிய பொண்ணு” என்றாளாம். கடைசி மகள் அன்றைக்குத்தான் ‘சின்னப் பொண்ணு’ ஆனாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்பா இன்னும் ‘அவன்’தான். பழைய பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். “உனக்கு வருத்தமா இல்லையாம்மா?” என்று போன வாரம் நண்டு வாங்கும்போது கேட்டேன்.

“இருக்கும்மா. கூப்புடறப்பல்லாம் இருக்கு” என்றாள், நண்டின் காலைக் கட்டிக்கொண்டே. “ஆனா ராத்திரி சோறு போட்டா எங்கப்பா மொத மீன எடுத்து என் தட்டுலதான் வெக்கும். முள்ள எடுத்துட்டு வெக்கும்.”