திருவக்கரை கல்மரங்களை இனம் காணுதல்

மண்ணில் புதைந்து, நெடுங்காலத்தில் கல்லாக மாறிய மரம் கல்மரம் எனப்படும். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திருவக்கரையில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. மரங்கள் புதைந்துள்ள பாறையும் 'கடலூர் மணற்கல்' என்றே அழைக்கப்படுகிறது. இம்மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781இல் இவற்றைப் பற்றி முதன்முதலில் குறிப்பிட்டார். இன்று இவ்விடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக உள்ளது.

இங்கு கிடைப்பவை பெரும்பாலும் கிளையும் வேரும் இழந்த அடிமரங்களே. இலை, பூ, காய் எதுவும் இல்லாத கல்லை இன்ன மரம் என்று கூறுவது எவ்வாறு? மரத்தின் உள்ளமைப்பே அதற்கு விடை தருகிறது.

கல்லாகும் விதம்

ஆற்று வெள்ளத்தில் வந்த மரங்கள் மணலில் விரைவாகப் புதைந்தால், காற்றுப் படாததால் எளிதில் மட்குவதில்லை. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிகிறது. மரப்பொருள் சிறிது சிறிதாக அழிந்தாலும் செல்களின் வடிவம் கல்லில் அப்படியே நிலைத்துவிடுகிறது.

மூன்று வெட்டுகள்

கல்மரத்தின் சிறு துண்டு வைரம் பதித்த இரம்பத்தால் அறுக்கப்படுகிறது. அது கண்ணாடி வில்லையில் ஒட்டப்பட்டு, ஒளி ஊடுருவும் வரை, அதாவது சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனாகும் வரை தேய்க்கப்படுகிறது. பின்னர் நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது. இதற்கு மூன்று வெட்டுகள் தேவை.

குறுக்குவெட்டு: சைலக்குழாய்கள் அமைந்துள்ள விதத்தைக் காட்டும்.
தொடுவெட்டு: மரக்கதிர்களின் அகலத்தையும் உயரத்தையும் காட்டும்.
ஆரவெட்டு: கதிர்ச் செல்களின் வடிவத்தையும் சுவர்க் குழிகளையும் காட்டும்.

முக்கிய அடையாளங்கள்

குறுக்குவெட்டில் சைலக்குழாய்களே இன்றி, ஒரே சீரான டிரக்கீடுகள் வரிசையாக இருந்தால் அது ஊசியிலை மர வகை. திருவக்கரையில் கிடைத்த இத்தகைய மரம் ஒன்றைப் பீர்பால் சகானி ஆராய்ந்து, மெசெம்பிரியாக்சைலான் சிமிதியானம் என வகைப்படுத்தினார்.

சைலக்குழாய்களுடன் பிசின் கால்வாய்களும் இருந்தால் அது குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். கால்வாய்கள் தனித்தனியாகச் சிதறியோ சிறு வரிசைகளாகவோ இருப்பது டிப்டெரோகார்ப்பஸ் இனத்தின் இயல்பு. நீண்ட வளைவு வரிசைகளாக இருப்பது ஷோரியா இனத்தின் இயல்பு. சைலக்குழாய்களைச் சுற்றிப் பாரங்கைமா சிறகு போல விரிந்து, கதிர்கள் பெரும்பாலும் ஒரு செல் அகலமே இருந்தால் மருது, கடுக்காய் ஆகியவற்றின் இனத்தை ஒத்தது எனலாம். தென்னார்க்காட்டுக் கல்மரங்கள் பலவற்றை 1950களில் சி. ஜி. கே. இராமானுஜம் இம்முறையில் விவரித்தார்.

பெயரும் எச்சரிக்கையும்

டிப்டெரோகார்ப்பாக்சைலான், டெர்மினாலியாக்சைலான் போன்ற பெயர்கள் 'சைலான்' என முடிவதைக் காணலாம். கிரேக்க மொழியில் இதற்கு மரம் என்று பொருள். 'இந்த இனத்தின் மரத்தை ஒத்தது' என்பதே இப்பெயர்கள் தெரிவிக்கும் செய்தி. பூவும் காயும் இல்லாமல், இன்றுள்ள சிற்றினம் இதுவே என்று உறுதி கூற இயலாது. நெருங்கிய இனங்களின் மரங்கள் ஒன்றுபோலவே இருக்கக்கூடும்.

மரங்கள் கூறும் செய்தி

டிப்டெரோகார்ப்பஸ் மரங்கள் தென்னிந்தியாவில் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மிகுந்த பசுமைமாறாக் காடுகளில் வளர்கின்றன. கடலூர், விழுப்புரம் பகுதிகளில் அவை இல்லை. ஆகவே இம்மரங்கள் வளர்ந்த காலத்தில் இன்றைவிட ஈரமான காலநிலை நிலவியதாக அறிஞர்கள் கருதுகின்றனர். எனினும் இவை வெள்ளத்தால் அடித்து வரப்பட்டவை என்பதால், அக்காடு திருவக்கரையிலேயே இருந்தது என்று கொள்ளக்கூடாது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்திருக்கலாம்.

பாதுகாப்பு

ஒரு கல்மரத் துண்டு எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்பது தெரிந்தால்தான் அதன் உள்ளமைப்பு அக்காலக் காட்டைப் பற்றிச் சான்று கூறும். நினைவுப் பொருளாக ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் துண்டு அச்சான்றை இழந்து, வெறும் அழகுக் கல்லாகிவிடும். பூங்காவுக்குச் செல்லும் மாணவர்கள் கல்மரங்களைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஆனால் ஒரு சிறு துண்டையும் எடுத்து வருதல் கூடாது.