'பர்ப்போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கில நாளிதழ்களிலும் சட்ட நூல்களிலும் 'பர்ப்போர்ட்' என்றொரு சொல் வரக் காணலாம். 'சொல்லிக்கொள்ளுதல்' என்று பொருள் கொண்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். அச்சொல்லின் நுட்பமோ அவ்வளவில் அடங்குவதன்று.

இலத்தீனில் 'போர்த்தாரே' என்றால் சுமத்தல். புகைவண்டி நிலையத்தில் மூட்டை சுமக்கும் போர்ட்டரின் பெயர் அவ்வேரில் கிளைத்ததே. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த 'பர்ப்போர்ட்' என்பதற்கும் தாங்கி வருதலே அடிப்படைக் கருத்து. ஒரு கடிதம் தாங்கிவரும் கருத்துச் சாரம் அதன் பர்ப்போர்ட். இவ்வாறு பெயர்ச்சொல்லாக வருங்கால் முதலசையை அழுத்தி ஒலிப்பர். வினையாக வருங்கால் இரண்டாம் அசை அழுத்தம் பெறும். ஒரு பொருள் தன்னை இன்னதென்று காட்டி நிற்றலே அவ்வினையின் பொருள்.

ஒரு பத்திரம் உயிலென்று 'பர்ப்போர்ட்' செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் இதனை 'உயிலாகிய பத்திரம்' என்று மொழிபெயர்த்த மாணவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். வேறு சிலர் 'போலி உயில்' என்பர். விசாரணைக்கு முன்னரே முன்னவர் ஒரு தீர்ப்பும், பின்னவர் மற்றொரு தீர்ப்பும் வழங்கிவிட்டனர்! 'உயில் எனத் தன்னைக் காட்டும் பத்திரம்' என்பதே நேரான தமிழ். மெய்யா பொய்யா என்பதை அச்சொல் முடிவு செய்வதில்லை. 'ப்ரிடெண்ட்' என்பதோ பொய்யென்று அறிந்தே நடித்தல். 'அலெஜ்' என்பது ஒன்றை நிறுவாமலே நிகழ்ந்ததாகச் சாற்றுதல். பொதுவழக்கில் 'பர்ப்போர்ட்' மீதும் ஐயத்தின் நிழல் படிவதுண்டு; சட்டத்தில் அந்நிழல் இருந்தாக வேண்டியதில்லை.

சான்று ஒன்று கூறுவேன். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 90ஆம் பிரிவு பழைய ஆவணங்களைப் பற்றியது. முப்பது ஆண்டுப் பழமையுடையதாகத் தன்னைக் காட்டும் அல்லது அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்ட ஆவணம், உரியவர் பொறுப்பிலிருந்து வந்திருப்பின், அதிலுள்ள கையொப்பம் உரியவருடையதே என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது அப்பிரிவு. 'காட்டும்' என்பதும் 'மெய்ப்பிக்கப்பட்ட' என்பதும் வெவ்வேறு என்பதை அவ்வொரு தொடரே விளக்குகிறதன்றோ? அனுமானிக்கலாம் என்றதே அன்றி, அனுமானித்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை என்பதையும் நோக்குக. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

வழக்குமன்றத்துக்கு மட்டும் உரிய சொல் என்று இதனை ஒதுக்கிவிடாதீர்கள். வங்கியிலிருந்து வந்ததாகத் தன்னைக் காட்டும் செய்தி ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வருகிறது. அதனை வங்கியின் செய்தி என்று உடனே நம்பாமலும், மோசடி என்று உடனே தள்ளாமலும், வங்கியையே நேரில் கேட்டு அறிவதுதான் முறை. அவ்வாறு ஆராயும்வரை அச்செய்திக்கு ஏற்ற வினை 'பர்ப்போர்ட்' ஒன்றே.