சுட்டும் பொருளும்: இரு நிரல் உலகங்களுக்கிடையே ஒரு முகவரி

தமிழ் இலக்கணம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டெழுத்துகள் என்கிறது. ‘அது’ என்னும் சொல் பொருளை ஏந்தி வருவதில்லை. பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. பொருள் இடம்பெயர்ந்த பின்னும் பழைய இடத்தையே சுட்டினால், கேட்பவர் வேறொன்றைக் காண்பார். கணினி நிரலில் பாயிண்டர் எனப்படும் சுட்டும் இத்தகையதே. அது நினைவகத்தின் ஒரு முகவரி மட்டுமே.

ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் நினைவகத்தை இயக்கச் சூழலே பேணுகிறது. பயனற்றவற்றை அகற்றுகையில் எஞ்சியவற்றை அது இடம் மாற்றவும் கூடும். சி மொழியில் எழுதப்பட்ட நிரல் நூலகமோ, தனக்குத் தரப்பட்ட முகவரியை அப்படியே நம்புகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இடர் பிறக்கிறது.

‘கொ’ என்று எழுதும்போது கொம்பையும் காலையும் ககரத்தின் இருபுறமும் நிறுத்தும் பணியை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம். எழுத்துருவின் தரவை அதற்கு இரு வகையில் தரலாம். ஒன்று, படியெடுத்துக்கொள்ளச் சொல்வது. மற்றொன்று, மூலத்தையே இரவலாகத் தருவது. இரவல் தந்தால், பணி முடிந்ததென நூலகம் அறிவிக்கும் வரை அத்தரவை நகர்த்தவோ விடுவிக்கவோ கூடாது. முந்திக்கொண்டு விடுவித்தால் எழுத்துகள் சிதையலாம், செயலியே நின்றுபோகலாம்.

சுட்டு, பொருளின் நீளத்தையும் சொல்வதில்லை. ‘கூலாய்’ என்பது நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் அது 6 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் 18 பைட்டு. சி மொழி எதிர்பார்க்கும் இறுதிச் சுழியையும் சேர்த்தால் 19. இதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 5 எழுத்து, 5 பைட்டு. எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கும் நிரல் ஆங்கிலச் சோதனையில் தேறிவிடும். தமிழ் வந்ததும் அண்டை நினைவகத்தின்மேல் எழுதிவிடும். தமிழில் சோதிக்காத நிரலின் பிழையைத் தமிழ்ப் பயனரே முதலில் சந்திக்கிறார்.

ஆகவே மாணவர் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். இந்த நினைவகம் யாருடையது? எதுவரை நிலைத்திருக்கும்? எத்தனை பைட்டு? ஒதுக்கியவரே விடுவிப்பது நல்ல நெறி. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா 22, நினைவகத்தின் ஆயுளை ‘அரீனா’ என்னும் எல்லைக்குள் வரையறுக்கிறது. எல்லை மூடியபின் ஜாவா நிரல் அதை அணுகினால் பிழையெனத் தடுக்கிறது. ஆனால் அந்த முகவரியைத் தன்னிடமே வைத்துக்கொண்ட சி நூலகத்தை அதனால் தடுக்க இயலாது. அங்கே காவல், நிரல் எழுதுபவரின் கவனமே.