உறுதியில்லாக் காணியும் உதவிப் பணமும்

காடென்றால் அரசின் உடைமையென்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ காடுகளில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை குடும்பங்களின் கையிலுள்ளன. அவற்றைப் பேணுதற்கு அந்நாட்டரசு பொருளுதவி நல்குகின்றது. 1996ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டத்தால் அமைந்த சூழற்றரத் திட்டம், மரம் நடுதல், நெருக்கமாய் வளர்ந்தவற்றைக் களைதல் முதலிய பணிகளின் செலவிற் பங்கேற்கின்றது.

ஆயின், உதவி வேண்டுவோர் காணி தம் ஆளுகையிலுள்ளதெனச் சான்று காட்டிப் 'பண்ணை எண்' பெறல் வேண்டும். இடர் ஈண்டே தொடங்குகின்றது. தென் மாநிலங்களிலே, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் அரிதின் ஈட்டிய காணிகள் பல, மரணசாசனமின்றியே வழிவழி இறங்கின. முதுசத்துக்குப் பங்காளர் பலர். உறுதியோ பாட்டன் பெயரில். வரியிறுத்துக் காடு காத்தவரும் அலுவலக வாயிலிலிருந்து வெறுங்கையுடன் மீண்டனர்.

2018ஆம் ஆண்டுச் சட்டம் வேறு சான்றுகளையும் ஏற்க வழிசெய்தது. எனினும், சட்டம் மாறியதைக் காட்டினுள் வாழும் முதியவருக்கு யார் சென்று சொல்வது? தென் கரோலினாவில் 2005இல் தோன்றிய மரபுரிமைச் சொத்துப் பாதுகாப்பு நிலையம் அப்பணியை மேற்கொண்டுள்ளது. சட்டமறிந்தோரும் வனவியலறிந்தோரும் ஆங்கு ஒருங்கே நின்று, உரிமையைத் தெளிவாக்கவும் விண்ணப்பஞ் செய்யவும் துணைபுரிகின்றனர்.

திட்டம் வகுத்தல் அரசின் கடன். படிவத்தின் மொழியறியாதார் அருகிலமர்ந்து அதனைப் படித்துக் காட்டுதல் கற்றோர் கடனன்றோ?